நடுவில் என்ன வைப்பது?

2014இல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இந்த வீட்டை வாங்கியபோது கொல்லையில் எனக்கு முதலில் பிடித்துப்போனது எலுமிச்சை மரமோ புல்தரையோ இல்லை, வேலியோரம் இருந்த ஒரு வட்டம். தடுப்புச்சுவர் கட்டும் சிமென்ட் கற்களை மூன்று வரிசை அடுக்கி, உள்ளே ஓர் இரும்பு வளையத்தை இறக்கி, அடியில் எரிமலைக் கல் பரப்பி வைத்திருந்தார் முந்தைய சொந்தக்காரர். குறுக்களவு நாலடி, உயரம் ஒன்றரை அடி. இங்கே எல்லோரும் ஃபயர் பிட் என்பார்கள். தீக்குழி என்று தமிழில் சொன்னால் மனசுக்குத் திரௌபதி அம்மன் கோயில் பூக்குழிதான் வருகிறது. அதனால் வீட்டில் கணப்பு என்றே சொல்லிப் பழகினோம். நவம்பர் பிறந்தால் சனிக்கிழமை சாயங்காலம் நாலு ஓக் விறகை வைத்துக் குளிர்காய்வோம். சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தணலில் புதைத்து, தோல் கருகியதும் எடுத்து, கை மாற்றிக் கை மாற்றி ஊதித் தின்போம். நண்பர்கள் வந்தால் பத்து மணி வரைக்கும் பேச்சு ஓடும். வீட்டுக்குள் சோபாவில் உட்கார்ந்தால் வராத பேச்செல்லாம் அங்கே வரும். வேலை போன கதை, அப்பா இறந்தபோது ஊருக்குப் போக முடியாத கதை, எல்லாம் நான் கேட்டது அந்த வட்டத்தில்தான். நெருப்பு இருந்தால் மனுஷன் மனசு இளகும் என்று அப்போது நினைத்தேன். அந்த நினைப்பில் பாதிதான் சரி என்று புரிய ரொம்ப வருஷம் ஆனது.

பகலில் விளக்குப் போட்ட நாள்

2018 நவம்பரில் வடக்கே பாரடைஸ் ஊர் காட்டுத்தீயில் எரிந்து 85 பேர் இறந்தபோது, அதன் புகை இங்கே வந்து இரண்டு வாரம் நின்றது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அந்தக் குளிர்காலம் கணப்பை மூட்ட மனம் வரவில்லை, அடுத்த வருஷம் மறுபடி மூட்டினோம். மறதிதான், வேறென்ன. 2020 ஆகஸ்ட் 16 அதிகாலையில் இங்கே வழக்கமில்லாத இடிமின்னல். மழை பேருக்குக்கூடப் பெய்யவில்லை. காய்ந்து கிடந்த மலைகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் தீப்பிடித்தது. எங்கள் ஊருக்குக் கிழக்கே டயாப்லோ மலைத்தொடரில் மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் ஏக்கர் எரிந்தது. ஹாமில்டன் மலையுச்சியில் இருக்கும் லிக் வானாய்வகம் மயிரிழையில் தப்பியது. இரவில் மொட்டைமாடி இல்லாத இந்த ஊரில் தெருமுனையில் நின்று மலை விளிம்பு சிவந்திருப்பதைப் பார்த்தோம். காலையில் கார் கண்ணாடியில் சாம்பல் படிந்திருக்கும்.

அப்புறம் செப்டம்பர் 9. அலாரம் அடித்து எழுந்தால் இன்னும் விடியவில்லை. எட்டு மணிக்கும் விடியவில்லை. வானம் முழுக்க ஆரஞ்சு. கடலிலிருந்து வந்த மூடுபனி தரையோடு கிடக்க, அதற்கு மேலே காட்டுத்தீப் புகை கெட்டியாகப் படர்ந்து நீல வெளிச்சத்தை எல்லாம் தடுத்துவிட்டது என்று பிறகு விளக்கினார்கள். தெருவிளக்குகள் அணையவே இல்லை. கோவிட் காலம், அதனால் மகளுக்கு வீட்டிலிருந்தே வகுப்பு. அவளுக்கு அப்போது ஒன்பது வயசு. பத்து மணிக்கு மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு கணக்குப் போட்டவள், ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்துவிட்டு, "அப்பா, நாமளும் இதுல கொஞ்சம் பண்ணினோமா?" என்று கேட்டாள்.

இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். மலையை எரித்தது மின்னல், நம் வீட்டு விறகு இல்லை. ஆனால் அவள் கேட்டது அது மட்டும் இல்லை என்று அன்றைக்குச் சாயங்காலமே உறைத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் குளிர்கால இரவில் குளிர்ந்த காற்று கீழேயே தங்கிவிடும், மேலே கதகதப்பான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்கு வீடு எரிக்கும் விறகின் புகை எங்கேயும் போகாது, பக்கத்துத் தெருவிலேயே சுற்றும். அதனால்தான் காற்றுத் தரம் கெடும் நாட்களில் விறகு எரிக்கக் கூடாது என்ற விதி 2008இலேயே குளிர்காலத்துக்கு வந்தது. 2019இல் அதை வருஷம் முழுக்க நீட்டினார்கள். 2020இல் ஆகஸ்ட் 18 முதல் செப்டம்பர் 16 வரை தொடர்ந்து 30 நாள் காற்றுத் தரம் கெட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை இருந்தது. பக்கத்து வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை உண்டு. எங்கள் சனிக்கிழமைகளில் அந்த வீட்டு ஜன்னல்கள் ஏன் மூடியே கிடந்தன என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மகளிடம் "கொஞ்சம் பண்ணியிருக்கோம்மா" என்று சொன்னது இரண்டு நாள் கழித்து. அதற்குப் பிறகு அந்த வட்டத்தில் நெருப்பு மூட்டவில்லை. ஒரு பிளைவுட் பலகையை மேலே போட்டு, தார்ப்பாய் கட்டி, கல்லை வைத்துவிட்டேன்.

ஆணி கிடந்த சாம்பல்

பழைய கணப்பை வைத்து என்ன செய்யலாம் என்று இணையத்தில் தேடினால் பத்துக்கு எட்டு யோசனை பூத்தொட்டிதான். வட்டம் ஏற்கனவே இருக்கிறது, மண்ணைக் கொட்டு, செடியை நடு, முடிந்தது. நானும் 2021 வசந்தத்தில் பலகையை எடுத்துவிட்டு, இருந்த சாம்பலின் மேலேயே நாலு மூட்டை மண்ணைக் கொட்டிக் கறிவேப்பிலை நட்டேன். சாம்பல் நல்ல உரம் என்று சின்ன வயசிலிருந்து கேட்ட ஞாபகம். இரண்டே மாதத்தில் புது இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச்சத்துப் பற்றாக்குறையின் அடையாளம் அது. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, காரத்தன்மை ஏறிப்போனால் வேரால் அதை எடுக்க முடியாது. இங்கே களிமண்ணும் குழாய்த் தண்ணீரும் ஏற்கனவே காரப் பக்கம்தான் சாய்ந்திருக்கும். அதன் மேல் சாம்பலும் சேர்ந்தால் கறிவேப்பிலை எப்படித் தாங்கும்? சாம்பலில் பொட்டாஷ் உண்டு, அதைவிடப் பல மடங்கு சுண்ணாம்பும் உண்டு. நம் ஊர்ச் செம்மண்ணில் அதுவே மருந்து, இந்த மண்ணில் அதுவே கூடுதல் சுமை. அக்டோபர் கடைசியில் பெரிய மழை வந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தண்ணீர் வடியவே இல்லை. வருஷக்கணக்காக நெருப்பில் வெந்த களிமண் அடியில் செங்கல்போல் இறுகியிருந்தது. செடியைப் பிடுங்கித் தொட்டிக்கு மாற்றினேன். இன்றைக்கும் அது தொட்டியில் நன்றாக இருக்கிறது.

2022 கோடையில் அம்மா ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்தாள். வந்த மறுநாளே கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, உறையை எறக்கிட்டுத் தண்ணி காணாம விட்ட கெணறு மாதிரில்லா இருக்கு" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குச் செடி அங்கே வராமல் போனது பெரிதாகப் படவில்லை, அடியில் அவ்வளவு சாம்பல் சும்மா கிடப்பதுதான் பொறுக்கவில்லை. ஊரில் எங்கள் வீட்டில் சாம்பலை ஒருநாளும் குப்பையில் கொட்டியதில்லை. பாத்திரம் தேய்க்க, அவரையில் அசுவினி விழுந்தால் விடிகாலைப் பனியோடு இலையில் தூவ, கத்தரி விதையைப் புரட்டிக் காயவைத்து எடுத்துவைக்க, மிச்சம் வாழைத்தூருக்கு. "தோண்டு, அள்ளி வச்சுக்கிடுவோம்" என்று முறத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

தோண்டத் தோண்டச் சாம்பலோடு ஆணி வந்தது. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கை நிறைய. ஒரு கதவுக்கீல், வளைந்த கம்பி, பாதி கருகிய பலகைத் துண்டு ஒன்று. முந்தைய சொந்தக்காரர் பழைய வேலியை இதில் போட்டு எரித்திருக்கிறார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் காலத்து வேலி மரத்தைக் கரையான் அரிக்காமல் இருக்க ஆர்சனிக் கலந்த மருந்தில் ஊறவைப்பது இங்கே வழக்கம். வீட்டுப் பயன்பாட்டுக்கான மரத்தை அந்த மருந்தில் ஊறவைப்பது 2003 கடைசியோடுதான் நின்றது. மரம் எரிந்தாலும் ஆர்சனிக் எரியாது, சாம்பலில் தங்கிவிடும். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் அதற்குள் ஓர் ஆணியை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்து, "ஆணி கெடந்தா அது அடுப்புச் சாம்பல் இல்லய்யா, வேண்டாம்" என்று முறத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்து கையைக் கழுவப் போனாள். எனக்கு விளக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. அடுப்பில் என்ன எரிந்தது என்று தெரிந்த வீட்டுச் சாம்பலைத்தான் அவள் நம்புவாள்.

இதைப் படிப்பவர்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய கணப்பு இருந்தால் இந்த ஒரு வேலையை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் மூட்டிய நெருப்பு மட்டும்தான் அதில் எரிந்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்து, சாம்பலை அள்ளிப் பையில் கட்டுங்கள். எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், அபாயக் கழிவுகளை வாங்கிக்கொள்ளும் மையம் இருக்கிறது, முன்கூட்டி நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். நான் சாம்பலோடு ஒன்றரை அடி மண்ணையும் சேர்த்தே எடுத்தேன். அடியில் இறுகிக் கிடந்ததைக் கடப்பாரையால் குத்தி உடைக்க ஒரு சனி, ஒரு ஞாயிறு ஆனது. கடைசிக் குத்தில் ஊற்றிய ஒரு வாளித் தண்ணீர் கண்ணெதிரே உள்ளே இறங்கியபோது அம்மா முகத்தில் வந்த நிறைவு, ஊரில் ஊற்றுக்கண் திறந்தபோது பார்த்த அதே நிறைவு.

"மூஞ்சி தெரியல"

புது மண்ணைப் போட்டதும் அம்மா சொன்னது வாழை. தாமிரபரணிக் கரைக்காரிக்கு வேறு எது தோன்றும்? சான் ஹோசேயில் வாழை வரும். உறைபனி விழும் சில இரவுகளில் இலை கருகும், மறுபடி தளிர்க்கும். நண்பர் வீட்டிலிருந்து பக்கக்கன்று ஒன்று வாங்கிவந்து வட்டத்தின் நடுவில் வைத்தோம். செப்டம்பரில் அம்மா ஊருக்குப் போனாள். 2023 கோடையில் அது ஏழடி உயரத்துக்கு வந்து, தூரைச் சுற்றி மூன்று கன்றும் விட்டது. பொங்கலுக்கு எங்கள் கொல்லை இலையிலேயே சாப்பிட்டோம். பார்க்கிறவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். பழைய கணப்புக்கு இதைவிட நல்ல மறுவாழ்வு இருக்க முடியாது என்று நானும் நம்பினேன்.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வட்டத்தைச் சுற்றிப் போட்டிருந்த நாலு நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை. நண்பர்கள் வருவார்கள், வாழையைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்துவிடுவார்கள். நெருப்பு போய்விட்டது, அதான், என்று நான் முடிவுகட்டியிருந்தேன். நெருப்பு இல்லாமல் எவன் குளிரில் உட்காருவான்? ஆனால் ஜூலை மாதத்திலும் யாரும் உட்காரவில்லையே.

2024 மே மாதம் அம்மா மறுபடி வந்தாள். ஒருநாள் சாயங்காலம் அவரைக்காயை முறத்தில் எடுத்துக்கொண்டு வட்டத்தின் அந்தப் பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் இந்தப் பக்கம். தம்பி வீட்டுப் பத்திர விவகாரம் ஒன்று. போனில் அரைகுறையாக நின்றுபோன பேச்சு, இப்போது நேரில் பேசியாக வேண்டும். அவள் ஆரம்பித்தாள். நடுவில் வாழைமரம். அவள் இடது பக்கம் சாய்ந்தாள், நானும் அதே பக்கம் சாய்ந்தேன், இலை மறைத்தது. வலது பக்கம் சாய்ந்தாள், கன்று மறைத்தது. இரண்டு மூன்று தடவை இப்படி ஆனதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "மூஞ்சி தெரியல. மூஞ்சி தெரியாம என்னத்தப் பேச" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் அங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பத்து வருஷமாக அந்த வட்டத்தைப் பார்க்கிறேன், அதில் எரிந்ததை மட்டுமே பார்த்திருக்கிறேன், சுற்றி உட்கார்ந்ததைப் பார்க்கவில்லை. கணப்பு என்பது அந்தக் குழி இல்லை, அதைச் சுற்றி ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி உட்கார்ந்த நாலு பேர். நெருப்பு முழங்கால் உயரத்தில் எரிந்தது, அதனால் எதிரே இருப்பவர் முகம் மறையவில்லை, உண்மையில் அதன் வெளிச்சத்தில்தான் முகமே தெரிந்தது. அது அசைந்துகொண்டே இருந்ததால் பேச்சில் ஒரு கனமான இடம் வந்தால் கண்ணை அதில் வைத்துக்கொள்ளலாம். விறகைத் தள்ள, கிழங்கைப் புரட்ட என்று கைக்கும் ஒரு வேலை இருந்தது. அப்பா இறந்தபோது ஊருக்குப் போக முடியாத கதையைச் சொன்ன நண்பர் அதைச் சொல்லி முடிக்கும் வரை ஒரு குச்சியால் தணலைக் கிளறிக்கொண்டே இருந்தார், எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நான் நட்டதோ ஏழடி மரம். முன்பு தேடிப் பார்த்த பூத்தொட்டிப் படங்களை அன்று இரவு திரும்பப் பார்த்தேன். அழகான படங்கள்தான். ஆனால் ஒரு படத்தில்கூட ஆள் உட்கார்ந்திருக்கவில்லை.

மறுநாள் டேப்பை எடுத்து அளந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் அம்மாவின் கண் தரையிலிருந்து மூன்றரை அடி. எதிரே இருப்பவரின் மடியில் இருக்கும் கை வரைக்கும் தெரிய வேண்டும் என்றால் நடுவில் இருப்பது எதுவும் இரண்டடிக்கு மேல் போகக்கூடாது. வாழையைத் தூரோடு பெயர்த்து வேலி மூலைக்குக் கொண்டுபோனோம். கற்களில் மேல்வரிசையை எடுத்துவிட்டோம். இரும்பு வளையத்தை உருவி மூலையில் வாழைத்தூரைச் சுற்றி வைத்தாள் அம்மா, இலைதழை போட்டு மட்கவைக்க. குழியை முக்கால்வாசி சரளைக்கல்லால் நிரப்பி, அதன் மேல் கூழாங்கல். நடுவில் அகலமான மண்சட்டி ஒன்று, இரண்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் நிற்காத அளவு ஆழம், தேனீ உட்கார அதில் நாலு கல். ஓரத்தில் சின்னத் தொட்டிகளில் ஓமவல்லியும் துளசியும். ஆற்றுக் கூழாங்கல் உள்ளுக்குள் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும், சூடேறினால் வெடித்துச் சிதறும். அதனால் இனி யார் நினைத்தாலும் இதில் நெருப்பு மூட்டக் கூடாது. இதைச் சொன்னபோது மகள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கூழாங்கல்லை அவளே கழுவி அடுக்கினாள்.

கொசு வராமல் இருக்கத் தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். அது மகள் வேலை. காலையில் ஒரு பிடி சோற்றை அம்மா கல்விளிம்பில் வைப்பாள், காகத்துக்கு. இந்த ஊர்க் காகம் அவள் கூப்பிடுவது கேட்டு வருவதற்குள் ஜே என்ற நீலப் பறவை ஒன்று வந்து முதல் வாயைக் கொத்திவிடும். "வரட்டும், அதுவும் யாரோதான்" என்பாள். எலி வரும் என்பதால் மிச்சத்தைப் பத்து நிமிஷத்தில் எடுத்துவிடுவோம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அவரைக்காய், கீரை, பூ, எதையாவது முறத்தில் எடுத்துக்கொண்டு உட்காருவாள். நானும் போய் உட்காருவேன். பத்திர விவகாரத்தை அங்கேதான் பேசி முடித்தோம். அவள் காம்பு கிள்ளிக்கொண்டே பேசினாள். பேச முடியாத இடங்களில் இருவரும் சட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டோம். சிட்டுக்குருவி ஒன்று குளித்துவிட்டுப் போனது.

அம்மா அக்டோபரில் கிளம்பினாள். நவம்பரில் குளிர் தொடங்கியதும் நாற்காலிகள் மறுபடி காலியாகிவிடும் என்று பயந்தேன். போன சனிக்கிழமை பழைய நண்பர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு அங்கே உட்கார்ந்தார்கள். மகள் சர்க்கரைவள்ளிக்கிழங்கை ஓவனில் சுட்டு, ஆச்சி விட்டுப்போன முறத்தில் வைத்துக் கொண்டுவந்தாள். உரித்துத் தின்றோம். தணலின் கருகல் வாசனை இல்லை. அந்த வாசனைக்கு இதுவரை நான் ஒரு மாற்றும் கண்டுபிடிக்கவில்லை, அந்தக் குறை எனக்கு அப்படியேதான் இருக்கிறது. நண்பர் ஒருவர் தன் மகன் இப்போதெல்லாம் தன்னோடு பேசுவதில்லை என்று ஆரம்பித்தார். மகள் கிழங்குத் தோலைச் சேர்த்துக்கொண்டு உள்ளே போக எழுந்தவள், போகாமல் உட்கார்ந்துவிட்டாள்.